ஃபேன்டஸி கூடைப்பந்தில் அபாயப் பரிமாற்றங்களின் நியாயம்

ஃபேன்டஸி கூடைப்பந்து லீக்கில், இனி எப்படி ஆடுவார் என்பது உறுதியில்லாத ஒரு வீரரை மையமாக வைத்து இரு அணிகள் செய்துகொள்ளும் வீரர் மாற்றம் அபாயப் பரிமாற்றம் எனப்படும். காயத்தால் வெளியே அமர்ந்திருக்கும் நட்சத்திரம், ஆடத் தடை விதிக்கப்பட்டவர், சில வாரங்களாகத் திடீரென்று ஒளிவிடும் புதுமுகம் ஆகியோர் இத்தகைய பரிமாற்றங்களில் அடிக்கடி கைமாறுவர். இப்படி ஒன்று அறிவிக்கப்பட்டதும், லீக்கிலுள்ள மற்றவர்களில் சிலர் இது அநியாயம், ரத்து செய்ய வேண்டும் என்று குரல் எழுப்புவது ஏறக்குறைய எல்லா லீக்குகளிலும் நடப்பதுதான். அந்தக் குரலுக்கு எப்போது செவிசாய்க்க வேண்டும், எப்போது கூடாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆட்டத்தின் அமைப்பு

ஃபேன்டஸி விளையாட்டு என்பது உண்மையான போட்டிகளின் புள்ளிவிவரங்களை வைத்து நண்பர்கள் தமக்குள் நடத்தும் ஒரு போட்டி. அமெரிக்கக் கால்பந்தை வைத்து 1962-இல் ஓக்லண்டு நகரைச் சேர்ந்த பில் விங்கன்பாக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு வித்திட்டனர். பேஸ்பாலை வைத்து 1980-இல் எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட் தொடங்கிய லீக் இதைப் பரவலாக்கியது. கூடைப்பந்துக்கு இது பின்னர் வந்தது. இன்று யாஹூ, இ.எஸ்.பி.என் போன்ற தளங்களில் இதை ஆடுகின்றனர்.

வழக்கமான லீக்கில் 10 அல்லது 12 அணிகள் இருக்கும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு மேலாளர். பருவத்தின் தொடக்கத்தில், என்.பி.ஏ எனப்படும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் வீரர்களை மேலாளர்கள் முறைவைத்துத் தெரிவு செய்வர். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். 12 அணிகள், அணிக்கு 13 வீரர் என்றால் 156 பேர் எடுக்கப்படுவர். என்.பி.ஏ-வில் 30 அணிகளும் அணிக்கு 15 முழு ஒப்பந்த வீரர்களும் உண்டு என்பதால், யாருக்கும் சொந்தமில்லாத வீரர்கள் எப்போதும் ஏராளமாக மீந்திருப்பர். இவர்களைத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். இந்த மீதிப் பட்டியல், பரிமாற்றக் கணக்கில் முக்கிய இடம் பெறுகிறது.

இந்தியாவில் பலர் அறிந்த ஃபேன்டஸி கிரிக்கெட் செயலிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவற்றில் ஒரே வீரரை ஆயிரம் பேர் தம் அணியில் வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் அணியும் முடிந்தது. இங்கோ ஒரு வீரர் ஒரு லீக்கில் ஓர் அணிக்கே சொந்தம். அக்டோபரில் எடுத்தவரை ஏப்ரல் வரை வைத்திருக்கலாம். அதனால்தான் பரிமாற்றம் என்ற ஒன்று தேவைப்படுகிறது. அதைச் சுற்றிச் சச்சரவும் வருகிறது.

புள்ளி கணக்கிட இரு முறைகள் உள்ளன. ஒன்றில் எடுத்த புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் முதலிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து மொத்தமாகக் கூட்டுவர். மற்றொன்றில் ஒன்பது பிரிவுகளில் தனித்தனியே வெற்றி தோல்வி பார்ப்பர். பெரும்பாலான லீக்குகளில் வாரத்துக்கு ஓர் எதிரணியோடு மோத வேண்டும். கடைசி சில வாரங்கள் முன்னணி அணிகளுக்கிடையே பிளேஆஃப் சுற்றாக நடக்கும்.

அபாயம் எங்கிருந்து வருகிறது

காயம் முதலிடம் பெறுகிறது. சிகாகோ புல்ஸ் அணியின் டெரிக் ரோஸ் 22 வயதில் 2010–11 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2012 ஏப்ரல் 28 அன்று முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. இன்று வருவார், நாளை வருவார் என்று அவரைப் பிடித்து வைத்திருந்த ஃபேன்டஸி மேலாளர்களுக்கு அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2013–14-இல் திரும்பி வந்தவர் 10 ஆட்டங்களில் மற்றொரு முழங்காலில் காயமுற்றார்.

காயம் மட்டுமே அபாயமன்று. மெம்ஃபிஸ் அணியின் ஜா மொரான்டுக்கு 2023–24 பருவத்தின் முதல் 25 ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. நியூயார்க் நகரின் தடுப்பூசி விதிகளால் புரூக்ளின் அணியின் கைரி இர்விங் 2021–22 பருவத்தில் முதல் 35 ஆட்டங்களை இழந்தார். 2022 ஜனவரியில் வெளியூர் ஆட்டங்களில் மட்டும் ஆடத் தொடங்கி, மொத்தம் 29 ஆட்டங்களே ஆடினார். முதலில் அவரைப் பகுதிநேர வீரராகச் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்திருந்த அவருடைய அணி, டிசம்பரில் தன் முடிவை மாற்றிக்கொண்டது. அக்டோபரில் அவரை மலிவாக விற்ற ஃபேன்டஸி மேலாளரிடம் அந்த மனமாற்றத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

ஓய்வு மற்றோர் அபாயம். நட்சத்திரங்களை அடுத்தடுத்த இரவு ஆட்டங்களில் ஒன்றில் உட்காரவைப்பது வழக்கமாகிவிட்டதால், 2023–24 முதல் முக்கிய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டங்கள் ஆட வேண்டும் என்று என்.பி.ஏ விதி கொண்டுவந்தது. இதைவிட ஃபேன்டஸி மேலாளரை அதிகம் வாட்டுவது பருவத்தின் கடைசி மாதம். தோற்று ஒதுங்கிய அணிகள் தம் முதன்மை வீரரை மார்ச்சில் உட்காரவைத்துவிடும். ஃபேன்டஸி பிளேஆஃப் நடப்பதும் அதே வாரங்களில்தான். போர்ட்லண்டு அணியின் டேமியன் லில்லார்ட் 2022–23-இல் ஆட்டத்துக்குச் சராசரி 32.2 புள்ளி எடுத்தும், மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டு 58 ஆட்டங்களோடு முடித்தார்.

எதிர்த்திசை அபாயமும் உண்டு. நியூயார்க் நிக்ஸ் அணியின் ஜெரமி லின், 2012 பிப்ரவரி 4 அன்று 25 புள்ளிகளும் அடுத்த வெள்ளிக்கிழமை லேக்கர்ஸ் அணிக்கு எதிராக 38 புள்ளிகளும் எடுத்து உலகச் செய்தியானார். அதற்கு முன்பு அவரைப் பெரும்பாலான லீக்குகளில் யாரும் எடுத்திருக்கவில்லை. அந்த மாதத்தில் லின்னுக்காக நிலைபெற்ற ஒரு நட்சத்திரத்தைக் கொடுக்கலாமா என்பது பல லீக்குகளில் நியாயமான கேள்வியாக இருந்தது. மார்ச் இறுதியில் முழங்கால் காயம் அவருடைய பருவத்தை முடித்துவைத்தது.

எந்த நாளின் அறிவைக் கொண்டு தீர்ப்பது

பரிமாற்றத்தை எடைபோடுவதில் மிகப் பரவலான பிழை, விளைவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. ஒப்பந்தம் ஏற்பட்ட நாளில் பொதுவெளியில் தெரிந்திருந்த செய்திகளை மட்டுமே கொண்டு அதன் நியாயத்தைப் பார்க்க வேண்டும்.

சான் அன்டோனியோ அணியின் விக்டர் வெம்பன்யாமா 2025 பிப்ரவரி 16 அன்று நட்சத்திர வீரர் ஆட்டத்தில் கலந்துகொண்டார். நான்கு நாள் கழித்து, வலது தோளில் ஆழ்சிரை ரத்த உறைவு இருப்பதாகவும் அந்தப் பருவத்தில் இனி ஆடமாட்டார் என்றும் அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 18 அன்று மூன்று நல்ல வீரர்களைக் கொடுத்து அவரை வாங்கிய ஒருவர் இருந்திருந்தால், அவர் ஏமாற்றப்பட்டவர் அல்லர். விற்றவர் ஏமாற்றியவரும் அல்லர். இருவருக்கும் தெரிந்தது ஒன்றே.

மொரான்ட் கதை இன்னும் நுட்பமானது. அவர் திரும்பி வரும் நாள் முன்பே தெரிந்திருந்தது. 2023 டிசம்பர் 19 அன்று வந்தார். முதல் ஆட்டத்திலேயே 34 புள்ளி எடுத்து, கடைசி நொடியில் வெற்றிக்கூடையும் போட்டார். நவம்பரில் அவரைக் குறைந்த விலைக்குப் பெற்ற மேலாளரை லீக் முழுவதும் கொள்ளைக்காரர் என்று ஏசியிருக்கும். ஒன்பது ஆட்டங்கள் ஆடியபின் தோள் காயத்தால் அவருடைய பருவம் ஜனவரியில் முடிந்தது. இப்போது அதே லீக், விற்றவரைக் கொள்ளைக்காரர் என்றிருக்கும். நவம்பர் ஒப்பந்தம் இடையில் எந்த மாற்றமும் அடையவில்லை. பார்ப்பவர் கண்தான் மாறியது.

வீரர்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் நீண்டகால லீக்குகளில் இது மேலும் கூர்மையாகும். 2022 டிராஃப்டில் இரண்டாவதாக எடுக்கப்பட்ட ஓக்லஹோமா சிட்டியின் செட் ஹோம்கிரென், அந்த ஆகஸ்டில் பாதக் காயமடைந்து முதல் பருவத்தை முழுமையாக இழந்தார். உயரமும் மெல்லிய உடலும் கொண்ட அவரால் தாக்குப்பிடிக்க முடியாது என்று பலர் கருதினர். அடுத்த பருவத்தில் அவர் 82 ஆட்டங்களிலும் ஆடினார். 2022 இலையுதிர் காலத்தில் அவரை விற்றது பயத்தின் விளைவு என்று சொல்லலாம். அநியாயம் என்று சொல்ல இடமில்லை.

ஒரு கணக்கு

அபாயத்துக்கு ஒரு விலை உண்டு. அதை ஓரளவு கணக்கிடவும் முடியும். கூட்டுப் புள்ளி முறையில் ஆடும் ஒரு லீக்கைக் கொள்வோம். பத்து வாரம் முடிந்துவிட்டது. இன்னும் ஏறக்குறைய 48 ஆட்டங்கள் உள்ளன. முதல் அணி, ஆட்டத்துக்கு 38 ஃபேன்டஸி புள்ளி தரும் நலமான வீரரைக் கொடுத்து, நலமாக இருந்தால் 50 புள்ளி தரும் நட்சத்திரத்தை இரண்டாம் அணியிடமிருந்து வாங்குகிறது. நட்சத்திரம் காயத்தில் இருக்கிறார். மீதிப் பட்டியலில் கிடைக்கும் சாதாரண வீரர் 25 புள்ளி தருவார்.

நலமான வீரரின் மதிப்பு எளிது: 48 ஆட்டம், 38 வீதம் 1,824.

நட்சத்திரத்துக்கு மூன்று நிலைகளைக் கருத வேண்டும். மருத்துவர் சொன்னபடி 18 ஆட்டங்களை இழந்து திரும்பினால், 30 ஆட்டத்துக்கு 50 வீதம் 1,500, அவர் இல்லாத 18 ஆட்டத்துக்குச் சாதாரண வீரரைக் கொண்டு 450, ஆக 1,950. தாமதமாகி 33 ஆட்டங்களை இழந்தால் 750-உம் 825-உம் சேர்ந்து 1,575. திரும்பவே இல்லையென்றால் சாதாரண வீரரின் 1,200 மட்டும். இவற்றுக்கு முறையே 60, 25, 15 சதவீத வாய்ப்பு என்று கொண்டால், எதிர்பார்ப்பு மதிப்பு ஏறக்குறைய 1,744 வருகிறது.

1,824-க்கும் 1,744-க்கும் உள்ள வேறுபாடு 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் விளைவு 1,200-இலும் முடியலாம், 1,950-இலும் முடியலாம். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது அந்த இரு முனைகளே. ஒருவர் 1,200-ஐ நினைத்து வாங்கியவரை முட்டாள் என்பார். மற்றவர் 1,950-ஐ நினைத்து விற்றவரை முட்டாள் என்பார். பரிமாற்றமோ நடுவில் சமமாக நிற்கிறது.

மேலே சொன்ன சதவீதங்கள் ஊகங்கள்தாம். அவற்றை மாற்றிப் பார்ப்பது நல்லது. குறித்த நாளில் திரும்பும் வாய்ப்பை 40 ஆகக் குறைத்து, திரும்பாமலே போகும் வாய்ப்பை 35 ஆக உயர்த்தினால் மதிப்பு சுமார் 1,594 ஆகிறது. இடைவெளி ஏறத்தாழ 13 சதவீதம். காயச் செய்தியை இரண்டு பேர் படித்து இந்த அளவு மாறுபட்ட முடிவுக்கு வருவது இயல்பே. ஒரு பரிமாற்றத்தை ரத்து செய்ய இது போதாது. எவ்வளவு தாராளமாக ஊகித்தாலும் ஒரு பக்கம் மற்றதில் பாதியைத் தாண்டவில்லை என்றால்தான் சந்தேகம் கொள்ளத் தொடங்கலாம்.

லீக்கின் விதிகள் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கக்கூடும். பல லீக்குகளில் காயமுற்றவரை வைக்கத் தனி இடம் உண்டு. அவரை அங்கே வைத்துவிட்டு வேறொருவரை எடுக்கலாம். அந்த வசதி இல்லாமல், அவருடைய இடம் காலியாகவே கிடக்குமானால் சாதாரண வீரரின் 25 புள்ளி கிடைக்காது. அப்போது முதல் ஊகப்படியே நட்சத்திரத்தின் மதிப்பு 1,088-க்கு இறங்கிவிடும். ஆக, ஒரே இரண்டு வீரர்கள், ஒரே காயம். ஒரு லீக்கில் சரியான விலை, இன்னொன்றில் பெரும் நட்டம். வேறு லீக்கில் நடந்த பரிமாற்றத்தைக் காட்டி வாதிடுவோர் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இரண்டுக்கு ஒன்று வகைப் பரிமாற்றங்களிலும் இதே மீதிப் பட்டியல்தான் கணக்கைத் தீர்க்கிறது. 33 புள்ளி வீரர் இருவரைக் கொடுத்து 50 புள்ளி வீரரை வாங்கினால், 66 கொடுத்து 50 வாங்கியதுபோலத் தோன்றும். வாங்கியவருக்கு ஓர் இடம் காலியாகிறது. அதில் 25 புள்ளி வீரர் வருகிறார். உண்மையில் அவர் பெறுவது 75.

யாருக்கு எப்போது தேவை

எண்கள் சமமாக இருந்தாலும் இரு அணிகளின் தேவை சமமாக இருப்பதில்லை. பரிமாற்றம் என்பதே அந்த வேறுபாட்டில் பிறப்பதுதான்.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் முதல் அணி 8 வெற்றி, 2 தோல்வி என்று முன்னணியில் இருப்பதாகவும், இரண்டாம் அணி 3 வெற்றி, 7 தோல்வி என்று கீழே கிடப்பதாகவும் கொள்வோம். முதல் அணி பிளேஆஃபுக்குள் நுழைவது ஏறக்குறைய உறுதி. அதற்கு இப்போதைய வாரங்களைவிடக் கடைசி மூன்று வாரங்களே முக்கியம். அந்த வாரங்களில் ஒரு வீரருக்குச் சுமார் 10 ஆட்டம். தாமதமாகத் திரும்பினால்கூட நட்சத்திரம் அப்போது ஆடுவார் என்பதால், அவர் இருப்பதற்கான வாய்ப்பு 85 சதவீதம். அந்த 10 ஆட்டத்தில் அவரிடம் எதிர்பார்ப்பது சுமார் 462 புள்ளி. நலமான வீரரிடம் 380.

இரண்டாம் அணிக்கோ கடைசி மூன்று வாரங்கள் என்று ஒன்று வருமா என்பதே ஐயம். இன்னும் மூன்று தோல்வி வந்தால் கதை முடிந்தது. நட்சத்திரம் உட்கார்ந்திருக்கும் 18 ஆட்டங்களில் 25-க்குப் பதில் 38 கிடைத்தால் 234 புள்ளி கூடும். அந்த வாரங்களை வென்றால்தான் மேலே ஏற முடியும்.

ஆக, மொத்த மதிப்பில் சமமான ஒரு பரிமாற்றத்தில் இருவருமே இலாபம் அடைகின்றனர். ஒருவர் பிற்காலத்தை வாங்குகிறார், மற்றவர் நிகழ்காலத்தை வாங்குகிறார். முன்னணி அணி மேலும் வலுப்பெறுகிறதே என்பதுதான் எதிர்ப்பாளர்களின் உண்மையான கவலை. அந்தக் கவலை புரிந்துகொள்ளத் தக்கது. ஆனால் அதை நியாயம் பற்றிய கேள்வியாக வேடமிட்டுக் கொண்டுவரக் கூடாது. இந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்தால் அதிகம் பாதிக்கப்படுவது முன்னணி அணி அன்று. காயமுற்றவரை வைத்துக்கொண்டு வாராவாரம் தோற்கும் கடைசி அணிதான். அதற்கிருந்த ஒரே வழியை மற்றவர்கள் அடைத்துவிடுகின்றனர். பாதிப் பருவத்திலேயே அணியைக் கைவிட்டுப் போகும் மேலாளர்களில் பலர் இப்படிக் கட்டிப்போடப்பட்டவர்கள்.

பிரிவு முறை லீக்கில் தேவையின் வேறுபாடு இன்னும் வெளிப்படை. யானிஸ் அன்டெட்டகூம்போ புள்ளியிலும் ரீபவுண்டிலும் முதல் வரிசை வீரர். ஆனால் ஆட்டத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஃப்ரீ த்ரோ எறிந்து, அண்மைப் பருவங்களில் 70 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடையில் சேர்த்திருக்கிறார். இதனால் ஃப்ரீ த்ரோ சதவீதப் பிரிவில் அவருடைய அணியே சரியும். அந்தப் பிரிவைக் கைகழுவிவிட்ட மேலாளருக்கு அது ஒரு பொருட்டே அன்று. அவர் கொடுக்கும் விலை மற்றவர்களுக்கு மிகையாகத் தெரிவதில் வியப்பில்லை.

உண்மையில் அநியாயமானவை

ஒரு பரிமாற்றத்தைத் தடுக்கச் சரியான காரணங்கள் சிலவே உள்ளன. கூட்டுச் சதி முதன்மையானது: இரண்டு மேலாளர்கள் பரிசைப் பங்கிட்டுக்கொள்ளும் எண்ணத்தில் ஓர் அணியின் நல்ல வீரர்களை மற்றோர் அணியில் குவிப்பது. இதன் மெல்லிய வடிவம் கடன் பரிமாற்றம். என்.பி.ஏ அட்டவணையில் ஓர் அணிக்கு ஒரு வாரம் நான்கு ஆட்டமும் மறு வாரம் இரண்டு ஆட்டமும் வரலாம். ஆட்டம் மிகுந்த வாரத்துக்கு வீரரை வாங்கி, பின்னர் திருப்பித் தருவதாகப் பேசிக்கொள்வது சதியே. ஒவ்வொரு தனிப் பரிமாற்றமும் எண்ணளவில் சமமாக இருந்தாலும்கூட.

வெற்றி வாய்ப்பை இழந்தவர் மனம் வெறுத்து நண்பருக்கு அள்ளிக் கொடுப்பது இரண்டாவது. அபாயம் என்ற சொல் இங்கே ஒரு போர்வையாகப் பயன்படுவதுண்டு. பருவம் முடியும்வரை ஆடமாட்டார் என்று அவருடைய அணியே அறிவித்துவிட்ட வீரரை, ஒரே பருவத்தோடு முடியும் லீக்கில், நலமான நட்சத்திரத்துக்கு வாங்குவது அபாயம் ஆகாது. அங்கே வெல்லும் வாய்ப்பென்று எதுவும் இல்லை. அதே பரிமாற்றம் நீண்டகால லீக்கில் முற்றிலும் அறிவார்ந்ததாக இருக்கலாம்.

மூன்றாவது, பொய்ச் செய்தி சொல்லி விற்பது. காயச் செய்திகள் எல்லாருக்கும் கிடைப்பவை. வாங்குபவர் தாமே படித்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஒன்றைச் சொல்லாமல் விடுவது பேரம். அடுத்த வாரம் வந்துவிடுவார் என்று மருத்துவ அறிக்கை வந்ததாகப் புனைந்து ஒரு புதியவரை நம்பவைப்பது மோசடி.

இம்மூன்றையும் கண்டறிய லீக் தலைவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பரிமாற்றம் உங்கள் அணிக்கு எப்படி உதவும்? இருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும். சொல்லும் விடை மிகச் சரியாக இருக்க வேண்டியதில்லை. தவறான கணிப்பாகக்கூட இருக்கலாம். தன் அணிக்காகத்தான் செய்கிறார் என்பது தெரிந்தால் போதும். மோசமாகப் பேரம் பேசும் உரிமையும் ஒரு மேலாளரின் உரிமைகளில் அடங்கும்.

தீர்ப்பவர் யார்

பெரும்பாலான தளங்கள் இரு வழிகளைத் தருகின்றன. கமிஷனர் எனப்படும் லீக் தலைவர் தீர்ப்பது ஒன்று. மற்ற மேலாளர்கள் வாக்களிப்பது மற்றொன்று. வாக்கு முறை மக்களாட்சிபோல் தோன்றினாலும் அதில் ஓர் அடிப்படைக் கோளாறு உண்டு. வாக்களிப்போர் அனைவரும் போட்டியாளர்கள். எதிரணி வலுவடைவதைத் தடுக்கும் பொத்தானை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நடுநிலையோடு அழுத்துங்கள் என்று கேட்பது சரியாக வராது.

உண்மையான என்.பி.ஏ-வில் மற்ற அணிகளுக்கு அத்தகைய வாக்கு கிடையாது. 2025 பிப்ரவரியில் டாலஸ் அணி தன் 25 வயது நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து, 31 வயது ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029 முதல் சுற்றுத் தெரிவு உரிமை ஆகியவற்றைப் பெற்றது. கூடைப்பந்து உலகமே திகைத்தது. டான்சிச் அப்போது காயத்தில் இருந்தார். டேவிஸோ டாலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயமுற்றார். ஃபேன்டஸி லீக்காக இருந்தால் தடை வாக்குகள் குவிந்திருக்கும். என்.பி.ஏ அலுவலகம் சம்பள விதிகள் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்த்தது.

ஒரே ஒருமுறை நிலைமை வேறாக இருந்தது. உள்ளூரில் வாங்க ஆளின்றி, நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் அணியை 2010 டிசம்பரில் என்.பி.ஏ-வே வாங்கியிருந்தது. அதாவது மற்ற 29 அணிகளின் உரிமையாளர்கள் கூட்டாக அதன் உரிமையாளர்கள். 2011 டிசம்பர் 8 அன்று அந்த அணி கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்குக் கொடுக்கும் மூன்று அணிப் பரிமாற்றத்துக்கு ஒப்புக்கொண்டது. லமார் ஓடம், லூயிஸ் ஸ்கோலா, கெவின் மார்ட்டின், கோரன் டிராகிச் ஆகியோர் நியூ ஆர்லியன்ஸுக்கு வருவதாக ஏற்பாடு. என்.பி.ஏ கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் அதை நிறுத்திவிட்டார். கூடைப்பந்து சார்ந்த காரணங்கள் என்று விளக்கம் தரப்பட்டது. போட்டியாளர்களின் நலன் கலந்திருந்ததால் அந்த விளக்கத்தை இன்றுவரை பலர் ஏற்கவில்லை.

பின்கதை விளைவைக் கொண்டு தீர்ப்பதன் வீண்முயற்சியை நன்கு காட்டுகிறது. சில நாளில் பால் அதே நகரின் கிளிப்பர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். பதிலாக வந்தவர்களில் முதன்மையான எரிக் கார்டன், முழங்கால் காயத்தால் அந்தப் பருவத்தில் 9 ஆட்டங்களே ஆடினார். நியூ ஆர்லியன்ஸ் 21 வெற்றி, 45 தோல்வி என்று மேற்குப் பிரிவில் கடைசி இடத்துக்குப் போனது. அப்படித் தோற்றதால் டிராஃப்ட் குலுக்கலில் நல்ல வாய்ப்புக் கிடைத்து, 2012-இல் முதல் தெரிவாக ஆன்டனி டேவிஸைப் பெற்றது. ஸ்டெர்ன் செய்தது சரியா தவறா என்பதற்கு இதில் எந்த வரியைச் சான்றாகக் கொள்வது? நல்லது கெட்டது இரண்டுக்கும் சான்று இருக்கிறது. தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அவருக்கு அதில் என்ன நலன் இருந்தது என்பது மட்டும் முதல் நாளே தெரிந்தது.

ஆகவே ஃபேன்டஸி லீக்கில் கமிஷனர் தீர்ப்பு முறையே மேல் என்று கொள்ளலாம். அவர் சதியை மட்டும் விசாரிக்க வேண்டும், விலையை விசாரிக்கக் கூடாது. கமிஷனரும் ஓர் அணி வைத்திருப்பார் என்பதால், அவரே ஒரு தரப்பாக இருக்கும் பரிமாற்றங்களை ஆராய லீக்கில் இல்லாத ஒருவரைப் பருவத்துக்கு முன்பே குறித்து வைப்பது நல்லது. நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசு தரும் லீக்குகளில் இது கட்டாயம் என்றே சொல்லலாம்.

இடைக்காலக் காயம்

பரிமாற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டதற்கும் நடைமுறைக்கு வருவதற்கும் இடையில் ஓரிரு நாள் ஆய்வுக் காலம் விடுவது வழக்கம். அந்த இடைவெளியில் வீரர் காயமுற்றால் என்ன செய்வது என்பது லீக்குகளில் மிகுந்த மனக்கசப்பை உண்டாக்கும் கேள்வி. ஒப்புக்கொண்ட நொடியே முடிவு என்று சில லீக்குகள் கொள்கின்றன. நடைமுறைக்கு வரும்வரை இருவரில் ஒருவர் விலகலாம் என்று வேறு சில கொள்கின்றன. இரண்டாவது விதியில் ஓர் ஓட்டை உண்டு: விலகும் உரிமை உள்ளவர், அந்த இரண்டு நாள் ஆட்டங்களை இலவசமாகப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். முதல் விதியில் அந்த ஓட்டை இல்லை. ஆனால் காயமுற்றவரைக் கையேந்தி வாங்க வேண்டியவரின் வயிற்றெரிச்சலைத் தாங்க வேண்டும். எதுவானாலும் டிராஃப்டுக்கு முன்பே எழுதி வைத்திருந்தால், பிப்ரவரியில் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது. எழுதி வைக்காத லீக்கில், ஒப்புக்கொண்ட நேரத்தை ஒப்பந்த நேரமாகக் கொள்வதே ஒப்பந்த நாளின் அறிவு என்ற அளவுகோலோடு பொருந்துகிறது.